கூட்டம் நிறைந்த ஃபிரேம்: சுங்கை சிப்புட் கல்யாண ஆல்பம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், ஈப்போவிலிருந்து கோலகங்சாருக்குப் போகும் சாலையில் ஏறக்குறைய 30 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது சுங்கை சிப்புட். பால்மரத்தால் (ரப்பரால்) வளர்ந்த ஊர். பிறகு செம்பனையும் (எண்ணெய்ப்பனையும்) வந்து சேர்ந்தது. தோட்டத்து லயங்களை விட்டு ஜனங்கள் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகளுக்குக் குடிவந்து பல காலம் ஆகிவிட்டாலும், கல்யாணம் என்றால் தோட்டமே திரண்டு வரும். இங்கே ஆய்வுக்கு எடுத்திருப்பது அப்படிப்பட்ட ஒரு கல்யாணத்தின் ஆல்பம். காலையில் கோயில் மண்டபத்தில் தாலிகட்டு, இரவில் டேவானில் (பொது மண்டபத்தில்) விருந்து. இரண்டு வாரம் முன்பே தோட்டத்தில் அவுட்டோர் படப்பிடிப்பு முடிந்திருந்தது. குடும்பத்தின் பெயரோ ஸ்டூடியோவின் பெயரோ இந்த அலசலுக்குத் தேவையில்லை. ஸ்டில் எடுத்தவர்கள் இருவர், வீடியோ எடுத்தவர் ஒருவர். எடுத்த படம் 2,600 போல. ஆல்பத்தில் ஏறியது 164. பக்கம் 12-க்கு 18 அங்குலம், விரித்தால் 36 அங்குலம், மொத்தம் 25 விரிப்பு.

இந்த மாதிரி ஆல்பத்தைப் பட்டணத்துப் பிள்ளைகள் புரட்டினால் முதலில் சொல்வது ஒன்றுதான்: “என்ன இவ்வளவு நெருக்கமா இருக்கு?” பொண்ணு மாப்பிள்ளை மட்டும் பளிச்சென்று தெரிந்து, மற்றதெல்லாம் பஞ்சுபோல் மங்கிய படங்களைக் கைப்பேசியில் பார்த்துப் பார்த்துப் பழகிய கண் அது. அந்தக் கண்ணோடு வந்தால் இந்த ஆல்பம் பழைய பாணியாகத்தான் படும். ஆனால் இதில் நெருக்கம் தவறிப்போய் வந்ததல்ல. கூட்டத்தை விலக்கிவிட்டுப் படம் பிடிக்கிற வேலையை விட, கூட்டத்தைக் கொண்டே படத்தைக் கட்டுகிற வேலை கடினம். தோட்டப்புற ஊர்களின் படப்பிடிப்பாளர்களிடம் இருக்கும் கைத்திறன் அதுதான். அது எங்கே கைகூடியது, எங்கே கைவிட்டது என்று விரிப்பு விரிப்பாகப் பார்க்கலாம்.

பதினோராம் விரிப்பு: தாலிகட்டு

36 அங்குல விரிப்பில் இரண்டே படம். இடப்பக்கம் சிறியது, வலப்பக்கம் ஒரு முழுப் பக்கத்தை அடைத்த பெரியது. பெரிய படத்தில் பெண்ணின் குனிந்த தலை இடப்பக்கக் கீழ் மூன்றில் ஒரு பங்கில் இருக்கிறது. மாப்பிள்ளையின் இரு முழங்கைகளும் அவள் தோளுக்கு மேல் முக்கோணமாக நிற்கின்றன. அந்த முக்கோணத்தின் உச்சியில் அவர் முகம். பின்னால், பெண்ணின் பின்கழுத்தை நோக்கிக் கை நீட்டியபடி நாத்தனார்; முதல் முடிச்சு மாப்பிள்ளையுடையது, மீதி இரண்டும் அவருடையது. இவர்களைச் சுற்றி, அட்சதை பிடித்து உயர்ந்த பதினைந்து இருபது கைகள் அரைவட்டமாக நிற்கின்றன. கைகளுக்கு உரிய முகங்களில் பாதிதான் தெரிகிறது. ஆனால் தெரிய வேண்டிய முகங்கள் தெரிகின்றன: பெண்ணின் அம்மா, தாய்மாமன், மாப்பிள்ளையின் அப்பா.

இது தற்செயலாக அமையாது. கேமரா இருந்த இடத்தைப் படத்திலிருந்தே கண்டுபிடிக்கலாம். மாப்பிள்ளை உட்கார்ந்திருக்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம், பெண்ணுக்கு முன்னால் சற்றுச் சாய்வாக, மணவறைப் படியில் மண்டியிட்டு, ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் தூரத்தில். கேமராவின் உயரம் பெண்ணின் தாடை மட்டம். மாப்பிள்ளை பக்கமே நின்றிருந்தால் அவருடைய முன்கை பெண்ணின் முகத்தை மறைத்திருக்கும். நின்றுகொண்டு எடுத்திருந்தால் பெண்ணின் நெற்றிச்சுட்டியும் வகிடும் மட்டுமே கிடைத்திருக்கும். இந்தச் சடங்கில் பெண் தலை நிமிர்வதில்லை. கேமராதான் இறங்கிப் போக வேண்டும்.

இனி லென்ஸ் கணக்கு. 35 மி.மீ. லென்ஸ், முழு அளவு சென்சார், ஒன்றரை மீட்டர் தூரம் என்று வைத்துக்கொண்டால், எஃப் 1.4-இல் (எஃப் எண் குறையக் குறைய லென்ஸின் துவாரம் அகலத் திறக்கும்) தெளிவாக விழும் ஆழம் ஏறக்குறைய 15 சென்டிமீட்டர். எஃப் 2.8-இல் 30. எஃப் 5.6-இல் 60 சென்டிமீட்டரைத் தாண்டும். தாலி, பெண்ணின் முகம், மாப்பிள்ளையின் முகம், பின்னால் நாத்தனார் ஆகிய நான்கும் முன்பின்னாக அடங்க அரை மீட்டருக்குக் குறையாத ஆழம் வேண்டும். எஃப் 1.4-க்குத் திறந்துவிட்டால் தாலி மட்டும் அழகாக விழும், நாத்தனார் மங்கிப்போவார். முடிச்சுப் போட்டவர் யார் என்றே தெரியாத தாலிகட்டுப் படத்தை வைத்துக்கொண்டு அந்த வீட்டில் என்ன செய்வது? படத்தில் நான்கும் தெளிவாக இருக்கின்றன. எஃப் 5.6 பக்கம்தான் வைத்திருக்கிறார்கள்.

அதற்கு விலை உண்டு. மூன்று பக்கமும் திறந்த துத்தநாகக் கூரை மண்டபத்தில் காலை வெளிச்சத்தை நம்பி எஃப் 5.6, நொடியில் 250-இல் ஒரு பங்கு என்று வைத்தால் ஐஎஸ்ஓவை, அதாவது சென்சாரின் ஒளியுணர்வை, 3200 வரை ஏற்ற வேண்டிவரும். நிழலில் பொடிப்பொடியாகப் புள்ளி விழும். பெரிய படத்தின் மேல் மூலையில் அது தெரிகிறது, தெரிந்துவிட்டுப் போகட்டும். மங்கிய முகத்தை எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது, புள்ளியை முக்கால்வாசி குறைத்துவிடலாம்.

அட்சதை விஷயம் சுவையானது. எறிந்த அரிசி நொடிக்கு நான்கு மீட்டர் வேகத்தில் பறக்கிறது என்று கொள்ளுங்கள். 250-இல் ஒரு பங்கு நொடியில் அது ஒன்றரை சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். படத்தில் மஞ்சள் கோடாக விழும். 1,000-இல் ஒரு பங்கு என்றால் நான்கே மில்லிமீட்டர். அரிசி அரிசியாகவே தொங்கும். இந்தப் படத்தில் கோடுகள்தான். சிலர் அதைக் குறை என்பார்கள். அந்தரத்தில் உறைந்து நிற்கும் அரிசி பார்க்க வேடிக்கையாக இருக்கலாம், ஆனால் மழையாகக் கொட்டியது என்ற எண்ணத்தைக் கோடுதான் தருகிறது. முகங்கள் அசையாமல் அரிசி மட்டும் ஓடும் வேகம் அந்த 200 முதல் 320 வரைதான். அதற்குக் கீழே போனால் மாப்பிள்ளையின் விரலும் கலங்கிவிடும்.

இடப்பக்கச் சிறிய படம் இரண்டாமவர் எடுத்தது. கூட்டத்துக்குப் பின்னால் ஸ்டூல் மேல் ஏறி, 70-200 மி.மீ. லென்ஸில். முதலாமவருக்கு ஏதாவது குறுக்கே வந்துவிட்டால் இது காப்பு. குறுக்கே வருவதும் வழக்கம்தான்: உயர்ந்த கைப்பேசி, வீடியோகாரரின் முதுகு, அவசரத்தில் முன்னே பாயும் சித்தப்பா. மாலையும் ஒரு தொல்லை. தடித்த ரோஜா மாலை கழுத்தை மூடியிருந்தால் தாலி எங்கே போனது என்றே தெரியாது. அனுபவப்பட்டவர்கள் பெண்ணின் தோழியிடம் முன்பே சொல்லிவைப்பார்கள்: “தங்கச்சி, சாமி தாலியைக் கையில எடுத்ததும் மாலையை ரெண்டு பக்கமும் கொஞ்சம் விலக்கிப் பிடிச்சுக்கம்மா.” ஐயரிடமும் ஒரு வார்த்தை: “சாமி, கெட்டிமேளம் சொல்றதுக்கு முன்னாடி எங்க பக்கம் ஒரு தடவை பாருங்க.” இந்த இரண்டு வேண்டுகோளும் எந்த லென்ஸை விடவும் மலிவு.

கெட்டிமேளம் கேட்டவுடனே பொத்தானை அழுத்திப் பிடித்துவிடுவது புதியவர்களின் தவறு. நொடிக்குப் பத்துப் படம் ரா (RAW, சுருக்கப்படாத மூலக் கோப்பு) வடிவில் போனால் பல கேமராக்களின் தற்காலிக நினைவகம் சில நொடிகளில் நிரம்பித் திணறும். தாலி கழுத்தைத் தொடும்போது கேமரா வாயடைத்து நிற்கும். நாதஸ்வரம் எழும்போது இரண்டு மூன்று படம் விட்டுவிட்டு எடுத்து, கை கழுத்தருகே போன பிறகுதான் தொடர்ச்சியாக அழுத்த வேண்டும். கோப்புகளின் நேர முத்திரையைப் பார்த்தால் இவர்கள் அப்படியே செய்திருப்பது தெரிகிறது: முதல் இருபது நொடியில் ஒன்பது படம், அடுத்த ஏழு நொடியில் நாற்பத்தொன்று.

மணி ஒன்பதரைக்கு எட்டே கால் வெயில்

கோயில் வாசலில் எடுத்த படங்களில் வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து மிருதுவாக விழுகிறது. காரணம் கடிகாரத்தில் இருக்கிறது. தீபகற்ப மலேசியா 1982 ஜனவரி 1 அன்று தன் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளிக்கொண்டது. பேராக் இருக்கும் தீர்க்கரேகைப்படி இங்கே உச்சிவெயில் மதியம் ஒன்றேகால் சுமாருக்குத்தான். ஆக, காலை 9.30 முகூர்த்தத்துக்குச் சூரியனின் கணக்கில் மணி எட்டே கால்; வெயில் தரையிலிருந்து முப்பது பாகையைச் சற்றே தாண்டி நிற்கும். தமிழ்நாட்டில் அதே 9.30 முகூர்த்தம் எடுத்துப் பழகியவர் இங்கே வந்தால், ஏறக்குறைய ஒரு மணி நேரம் நல்ல வெளிச்சம் இனாமாகக் கிடைக்கும். சாயங்காலமும் அப்படியே. ஏழு மணி ஆனாலும் பொன் வெயில் இருக்கும், பிற்பகல் மழை அதை விட்டுவைத்தால்.

மாப்பிள்ளை பட்டு வேட்டி சட்டை. கேமராவின் அளவுமானி எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பலாக்கப் பார்க்கும். முழு வெள்ளையை எதிரே நிறுத்தினால் வெளிச்சத்தைக் குறைத்துவிடும். வேட்டி சாம்பலாகும், முகம் கரியாகும். இதற்கு முக்கால் முதல் ஒரு நிறுத்தம் (ஸ்டாப்; ஒரு நிறுத்தம் என்றால் வெளிச்சம் இரு மடங்கு) வரை கூட்டி எடுப்பதுதான் வழி. பெண்ணின் கூறைப் பட்டில் நிலைமை தலைகீழ்: கரும்பச்சை அல்லது அரக்கு, அதில் சரிகை. கூட்டி எடுத்தால் சரிகை வெளுத்துத் தகடாகிவிடும். இருவரும் ஒரே படத்தில் இருக்கும்போது முகத்தின் மேல் புள்ளி வைத்து அளந்து, அதையே கைமுறையாகப் பூட்டிவிடுவது உத்தமம். ஆல்பத்தில் நான்கு படங்களில் சரிகை வெளுத்திருக்கிறது. நான்கும் மாப்பிள்ளை தனியாக நின்ற படத்துக்கு அடுத்து வந்தவை. கூட்டி வைத்ததைத் திரும்பக் குறைக்க மறந்திருக்கிறார்கள்.

ஹோமப் புகையைப் பற்றி ஒரு வார்த்தை. முன்னாலிருந்து ஃபிளாஷ் அடித்தால் புகை வெள்ளைத் திரையாகி எல்லாரையும் மூடிவிடும். ஃபிளாஷை அணைத்துவிட்டு, திறந்த பக்கம் புகைக்குப் பின்னால் வருமாறு நின்றால் அதே புகை ஒளிவிடும். ஒன்பதாம் விரிப்பில் பெண்ணின் அப்பா கன்னிகாதானத்துக்குக் கை நீட்டும் படம் அப்படி எடுத்தது. ஆல்பத்தின் ஆகச் சிறந்த படம் அதுதான் என்பது நமது தீர்ப்பு. அந்த விரிப்பில் கூட்டமே இல்லை, புகை மூடிவிட்டது. விதிக்கு விலக்கும் வேண்டுமே.

தட்டுகளும் வரிசையும்

சீர்வரிசை வரும் காட்சி. பதினொரு தட்டு, பதினொரு பெண்கள், முன்னால் உறுமி மேளம். வழக்கமான தவறு, நேர் எதிரே நின்று எடுப்பது: முதல் தட்டின் தேங்காயும் ஆப்பிளும் பின்னால் வரும் பத்துப் பேரையும் மறைத்துவிடும். இங்கே படப்பிடிப்பாளர் வரிசையின் பாதைக்கு முப்பது பாகை போல ஒதுங்கி, தூரத்தில் நின்று, நீள லென்ஸில் பிடித்திருக்கிறார். நீள லென்ஸுக்காகத் தள்ளி நிற்கும்போது முன்னால் உள்ளவருக்கும் பின்னால் உள்ளவருக்கும் உருவ அளவில் வித்தியாசம் குறைந்துவிடும். பதினொரு முகமும் படிக்கட்டுபோல் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கி விழும். இதில் கூட்டமே ஒரு கோடாகி, பார்வையைக் கோயில் வாசலுக்கு இழுத்துப் போகிறது. உறுமிக்காரரின் குச்சி கலங்கி விழுந்திருப்பது சரிதான், அது கலங்கத்தான் வேண்டும்.

சொந்தக்காரர்களோடு மேடையில் நிற்கும் குடும்பப் படங்கள் மொத்தம் 58. இவற்றைப் பற்றி இளையவர்கள் யாரும் பேசமாட்டார்கள், ஆனால் பணம் கொடுப்பவர்கள் முதலில் எண்ணுவது இவற்றைத்தான். ஃபிலிம் காலத்தில் ஒரு சுருளுக்கு 36 படம். ஐந்து சுருள் கொண்டுபோனால் 180-தான். அன்று யாரை யாரோடு நிறுத்துவது என்று வீட்டுப் பெரியவரைக் கேட்டுப் பட்டியல் போட்டுக்கொண்டுதான் தொடங்குவார்கள். அந்தப் பழக்கம் இந்த ஊர்க்காரர்களிடம் இன்னும் இருப்பது படங்களின் வரிசையிலேயே தெரிகிறது: தாய்மாமன் குடும்பம் முதலில், பிறகு அத்தைமார், பிறகு பெரியப்பா சித்தப்பா, கடைசியில் தோட்டத்துக் கூட்டாளிகள்.

58-இல் குறை சொல்ல வேண்டியவை ஆறு. 24 மி.மீ. அகல லென்ஸில் கிட்டே நின்று பத்துப் பேரை அடைத்தவை அவை. ஓரத்தில் நிற்பவரின் தோளும் முகமும் பக்கவாட்டில் இழுபடும். ஒல்லியான அத்தைகூட ஓரத்தில் நின்றால் குண்டாகிவிடுவார். பிறகு அந்தப் படத்தை யார் வீட்டில் மாட்டுவார்கள்? மேடைக்கு எதிரே நாற்காலி வரிசையில் இரண்டை எடுத்துவிட்டு, நான்கைந்து மீட்டர் பின்னே போய், 35 அல்லது 50-இல் எடுத்திருக்கலாம். மூன்று வரிசையாக நிற்கும்போது எஃப் 8 வைத்து நடு வரிசைக்குச் சற்று முன்னே குவிப்பது பாதுகாப்பு. கண்ணிமைப்புக்காக ஒவ்வொரு கூட்டத்துக்கும் குறைந்தது நான்கு படம். பத்துப் பேருக்கு மேல் என்றால் ஆறு.

பதிவுக் கையெழுத்துப் படம் ஒன்றுதான் இருக்கிறது. 1976-ஆம் ஆண்டுச் சட்டம் 1982 மார்ச் 1 முதல் நடப்புக்கு வந்ததிலிருந்து முஸ்லிம் அல்லாதார் திருமணங்களுக்குப் பதிவு கட்டாயம். இரண்டு சாட்சிகளும் வேண்டும். படத்தில் பேனா பிடித்த கை மட்டும் பெரிதாக விழுந்து, சாட்சிகள் வெட்டுப்பட்டிருக்கிறார்கள். கூட்டம் தேவைப்பட்ட இடத்தில் கூட்டத்தை விட்டுவிட்டார்கள்.

தோட்டத்தில்

அவுட்டோர் படங்கள் மூன்று விரிப்பு. செம்பனை முக்கோண அமைப்பில் நடப்படுவது. மரத்துக்கு மரம் ஏறக்குறைய ஒன்பது மீட்டர். முக்கோணம் என்பதால் நேர்வரிசை ஒரு திசையில் மட்டுமல்ல, அறுபது பாகை இடைவெளியில் மூன்று திசையிலும் தெரியும். ஒரு மரத்தடியில் நின்று மெல்லத் திரும்பினால், குழம்பிக் கிடந்த காடு சட்டென்று நீண்ட தூண் மண்டபமாகத் திறக்கும். இன்னும் சற்றுத் திரும்பினால் மூடிக்கொள்ளும். அந்தத் திறப்பின் நடுவில் ஜோடியை நிறுத்திய படம் நான்காம் விரிப்பில் இருக்கிறது. கேமராவை இடுப்பு மட்டத்துக்கு இறக்கியதால் மட்டைகள் மேலே கூரையாக வளைந்திருக்கின்றன.

அமைப்பு அருமை, நிறம் மோசம். செம்பனைக்கு அடியில் வெளிச்சமெல்லாம் இலை வழியாகவும் இலையில் பட்டும் வருவது. முகத்தில் பச்சை ஏறும். மாநிறத்தில் அது நோயாளிபோல் காட்டும். வெண்சமநிலையை (ஒயிட் பேலன்ஸை) மொத்தமாக ஊதாப் பக்கம் தள்ளினால் மரம் செத்துப்போகும், வேட்டி இளஞ்சிவப்பாகும். இந்த விரிப்பில் அப்படித்தான் ஆகியிருக்கிறது. தீர்வு பக்கத்திலேயே இருந்தது, அடுத்த விரிப்பில் அதையே கண்டுபிடித்துவிட்டார்கள்: தோட்டத்துச் செம்மண் சாலை. காலை எட்டு, எட்டரைக்கு வெயில் விழும் செம்மண்ணுக்கு அருகே, நிழல் விளிம்பில் ஜோடியை நிறுத்தினால், மண்ணே கீழிருந்து முகத்துக்கு இளஞ்சூடான வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும். காசு கொடுத்து வாங்கும் தங்கநிறப் பிரதிபலிப்பான் செய்வது அதைத்தான். ஐந்தாம் விரிப்பில் பெண்ணின் தாடைக்கடியில் நிழலே இல்லை. பொட்டுக்குக் கீழே மூக்கின் பக்கத்தில் செம்பொன் நிறம். மாநிறத்துக்கு இதை விடப் பொருத்தமான வெளிச்சம் தேடிப்போனாலும் கிடைக்காது.

பால்மரக் காட்டில் எடுக்க நினைப்பவர்களுக்கு பிப்ரவரி, மார்ச் இலையுதிர் காலம் ஏற்றது. இலை செம்பழுப்பாகி உதிரும்போது மேலே திறப்பு உண்டாகி, பச்சைத் தொல்லை பாதியாகக் குறையும். ஒன்று மட்டும் சொல்ல வேண்டும்: செம்பனை மட்டையின் அடித்தண்டில் முள் உண்டு, பட்டுச் சேலையை ஒரே இழுப்பில் கிழித்துவிடும். வெட்டிய மட்டைகளை வரிசைக்கு நடுவே அடுக்கிவைத்திருப்பார்கள். அங்கே பாம்பும் தேளும் குடியிருக்கும். அடுக்கின் மேல் ஏறி நின்று போஸ் கொடுக்கச் சொல்வது மடத்தனம். குலை வெட்டும் நாளில் அந்தப் பக்கம் போகவே கூடாது, ஒரு குலை இருபது கிலோ இருக்கும். தோட்ட நிர்வாகத்திடம் அனுமதி கேட்பது முதல் வேலை. கிராணி (தோட்டத்து எழுத்தர்) தெரிந்தவர் என்பது அனுமதி ஆகாது.

இரவு: கைவிட்ட இடம்

டேவானில் எடுத்த படங்கள்தான் ஆல்பத்தின் பலவீனம். மூன்று தனித்தனிப் பிழைகள்.

முதலாவது பட்டை. மலேசிய மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். குழல் விளக்குகளும் மலிவான எல்இடி விளக்குகளும் நொடிக்கு 100 தடவை மங்கி எழும். ஷட்டர் நொடியில் 100-இல் அல்லது 50-இல் ஒரு பங்கு என்றால் ஒவ்வொரு படத்துக்கும் முழுச் சுற்று வெளிச்சம் கிடைக்கும். 250-க்கு ஏற்றினால் சுற்றின் ஒரு துண்டுதான் விழும். ஒரு படம் வெளிச்சம், அடுத்தது மங்கல், நடுவே குறுக்குப் பட்டை. காலையில் பகல் வெளிச்சம் மிகுந்திருந்ததால் இது தெரியவில்லை. அதே 250-ஐ இரவுக்கும் வைத்துக்கொண்டு, சத்தமில்லா மின்னணு ஷட்டரையும் போட்டிருக்கிறார்கள். அது சென்சாரை வரிவரியாகப் படிப்பதால் பட்டை இன்னும் மோசமாகும். மேடையின் பின்னால் எல்இடி திரை வேறு. அதற்கு ஒரே கணக்கு கிடையாது. விருந்தாளிகள் வருமுன் 60-இலிருந்து 125 வரை வரிசையாகச் சோதித்து, திரை சுத்தமாக விழும் வேகத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். இரண்டு நிமிட வேலை.

இரண்டாவது ஊதா. மேடை விளக்குக்காரர் முழுநேரமும் ஊதாவையும் நீலத்தையும் ஓடவிட்டிருக்கிறார். அப்படிப்பட்ட எல்இடி வெளிச்சத்தில் மற்ற நிறங்கள் ஏறக்குறைய இல்லவே இல்லை. ரா கோப்பாக எடுத்தாலும் இல்லாத நிறத்தை எங்கிருந்து கொண்டுவருவது? முகத்தில் பிளாஸ்டிக் பளபளப்பு. மோதிரம் மாற்றும்போதும் கேக் வெட்டும்போதும் அரை நிமிடம் வெள்ளைக்கு மாற்றச் சொல்லியிருந்தால் போதும். அல்லது நிறமில்லாத வெள்ளைச் சுவர், தாழ்ந்த கூரை இருந்தால் ஃபிளாஷைத் திருப்பி அடித்து முகத்தை மட்டும் மீட்கலாம். காலையில் கோயில் மண்டபத்தில் அந்த வழி இல்லை, துத்தநாகக் கூரையும் மஞ்சள் தூணும் தன் நிறத்தையே திருப்பித் தரும். வாடகைக் கூடாரத்தின் சிவப்புத் துணிக்குக் கீழேயும் அதே கதை.

மூன்றாவது பிழைக்குப் பெயர் வேண்டுமானால் பேராசை. 85 மி.மீ., எஃப் 1.4, இரண்டு மீட்டர். தெளிவு விழும் ஆழம் ஐந்து சென்டிமீட்டருக்கும் குறைவு. ஆசீர்வாதம் வாங்கக் குனிந்த பெண்ணின் ஒரு கண் தெளிவு, மறு கண் மங்கல், தலையில் கை வைத்த பாட்டி வெறும் பழுப்பு நிழல். படம் எடுத்தவருக்கு அந்த விளக்குப் புள்ளிகள் உருண்டை உருண்டையாக விழுந்தது பிடித்திருக்க வேண்டும். காலையில் நாத்தனாருக்காக எஃப் 5.6-க்குப் போனவர்கள், இரவில் பாட்டியை விளக்குக்கு விற்றுவிட்டார்கள்.

வெளுப்பு

எடுத்த பிறகு செய்த குற்றம் ஒன்று உண்டு, அதை மன்னிக்க மனம் வரவில்லை. பெண்ணின் தனிப்படங்கள் பன்னிரண்டிலும் தோல் ஒன்று ஒன்றரை நிறுத்தம் வெளுக்கப்பட்டு, துளைகள் வழிக்கப்பட்டிருக்கின்றன. ஐந்தாம் விரிப்பில் செம்மண் வெளிச்சத்தில் ஜொலித்த அதே பெண், பதினான்காம் விரிப்பில் வேறு வீட்டுப் பெண். பக்கத்தில் நிற்கும் அவள் தங்கை மட்டும் உள்ள நிறத்தில் இருப்பதால் வித்தியாசம் பொட்டில் அடித்தாற்போல் தெரிகிறது. குடும்பமே கேட்பதுண்டு, “கொஞ்சம் வெளுப்பாப் போடுங்கண்ணே” என்று. மறுத்துச் சண்டை போட வேண்டியதில்லை. மாநிறத்தை வெளிச்சமாகக் காட்ட வேறு வழி இருக்கிறது: பெரிய ஒளிமூலத்தைப் பக்கவாட்டில் வைத்து, நெற்றியிலும் கன்னத்து எலும்பிலும் மெல்லிய பளபளப்பு விழச் செய்வது. கருந்தோலுக்கு வடிவத்தைக் கொடுப்பது அந்தப் பளபளப்புதான். வெளுத்து வழித்தால் முதலில் தொலைவது அதுவே.

பக்கக்கட்டு

பக்க அமைப்பில் இரண்டு விஷயம். 24 மெகாபிக்சல் படம் அகலத்தில் 6,000 புள்ளி. 36 அங்குல விரிப்பு முழுக்க ஒரே படத்தை இழுத்தால் அங்குலத்துக்கு 167 புள்ளிதான் தேறும். கை தூரத்தில் பார்க்க அது தாங்கும். ஆனால் பாதியாக வெட்டிய படத்தை அப்படி இழுத்தால் 83-க்கு இறங்கிவிடும், நகையின் கல் குழைந்துபோகும். 17-ஆம் விரிப்பில் நடந்தது அது. அகலத்தில் பரப்ப நினைக்கும் படத்தை எடுக்கும்போதே வெட்டத் தேவையில்லாமல் எடுக்க வேண்டும். அடுத்தது நடுமடிப்பு. மடிப்பிலிருந்து இரு பக்கமும் ஓர் அங்குலத்துக்குள் முகம் வரக் கூடாது. நடுவில் ஜோடியை நிறுத்திப் பழகியவர்களுக்கு இது கஷ்டம். ஜோடிக்கு நடுவே மடிப்பு விழுந்தால் பார்ப்பவர்கள் சகுனம் பேசுவார்கள். கூட்டப் படங்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. தாலிகட்டுப் படத்தை வலப்பக்கத்துக்குள் அடக்கியது கெட்டிக்காரத்தனம்.

ஆல்பம் இப்போது வரவேற்பறைக் கண்ணாடி அலமாரியில், டிவிக்குக் கீழே இருக்கிறது. இந்த ஊர் ஈரப்பதத்தில் ஆண்டுக்கு இரண்டு மூன்று தடவையாவது பிரித்துக் காற்றாட வைக்காவிட்டால் பக்கங்கள் ஒட்டிக்கொள்ளும். சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு போட்டு வைப்பது நல்லது. மேல்பூச்சு மங்கல் வகை, விரல் பட்ட இடம் எளிதில் பளபளப்பாகிவிடும். 25 விரிப்பையும் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால், செம்பனை ஜோடிப் படமும் வெளுத்த தனிப்படங்களும் புதுசாகவே இருக்கின்றன. கீழ்மூலை தேய்ந்து பளபளப்பது 20-ஆம் விரிப்பில்: தோட்டத்துக் கூட்டாளிகள் இருபத்திரண்டு பேர் மூன்று வரிசையாக நிற்கும் படம். இரண்டாம் வரிசையில், இடமிருந்து நான்காவது முகத்துக்கு மேல் ஒரு கட்டைவிரல் தடம் இருக்கிறது.